கத்தாத குட்டிக்குத் தகப்பன் எழுதுவது

அன்புள்ள மகன் பல்புவுக்கு,

இதனால் சகல ஜனங்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டில் வசித்துவரும் செல்வன் பல்பு, வயது எட்டு மாதம், நேற்றுக் காலை ஏழேகால் மணியளவில், வாசலுக்கு எதிரே உள்ள கரண்ட் கம்பத்தின் அருகே சென்று, நாலு பக்கமும் பார்த்து, வாழ்க்கையில் முதன்முறையாகத் தன் பின்னங்கால்களில் ஒன்றைத் தூக்கி, கீழே விழாமல் ஒன்றுக்கிருந்தார். சிதம்பரத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் அன்னாரின் தகப்பனாருக்கு இச்செய்தி போனில் வந்தபோது, அவர் மூன்றாவது இட்லியைப் பாதியில் விட்டுவிட்டு மரியாதையாக எழுந்து நின்றார். மேற்படி கம்பம், போன மார்கழிக் கடைசியில் அடித்த புயலுக்குப் பிறகு லைன்மேனான என் அப்பாவே முன்னால் நின்று நட்டுவைத்த கம்பம் என்பதால், குடும்பத்துக்கு இது இரட்டைப் பெருமை.

காலைத் தூக்கிவிட்ட ஆண் குட்டி அதற்குமேல் குட்டி இல்லை, நாய். வளர்ந்த பிள்ளைக்கு வெளியூரில் இருக்கும் தகப்பன் புத்திமதி சொல்லிக் கடிதம் எழுதியாக வேண்டும். எனக்குப் பதினேழு வயது. நாய்க் கணக்கை மனுஷக் கணக்காக மாற்றினால் நீயும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டியவர்கள் என்கிறான் ரியாஸ். ரியாஸ் என் ரூம்மேட், லால்பேட்டைக்காரன், கணக்கில் புலி. புலி சொன்னாலும், உன்னைக் கூடையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தவன் நான் என்பதால் அப்பன் நான்தான். அப்படிப் பார்த்தால் அம்மா உனக்குப் பாட்டி ஆகிறாள் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "யார்றா பாட்டி? இன்னொரு தரம் சொன்ன, அப்பனையும் புள்ளையையும் சேத்து வெளிய தள்ளி கேட்ட சாத்திடுவேன்" என்றாள். அந்த உறவுமுறையை அத்தோடு விட்டுவிட்டோம். உனக்குப் படிக்கத் தெரியாதாகையால் இதை என் தங்கை தேன்மொழி உனக்கு வாசித்துக் காட்டுவாள். அஞ்சாம் வகுப்பு, எழுத்துக்கூட்டாமல் படிப்பாள். தேன்மொழி, அடுப்படிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படி. ஏன் என்று கேட்காதே.

அதே போனில் இரண்டாவதாக ஒரு செய்தியும் வந்தது.

"அண்ணா, இன்னொரு விஷயம். ஞாயித்துக்கெழம மாமா வண்டி எடுத்துக்கினு வர்றாராம். பல்ப தோப்புக்குக் கொண்டுபோயிடப் போறாராம்."

"யாரு சொன்னா?"

"அம்மாதான் போன் பண்ணி வரச் சொன்னாங்க. கேஸ் கொண்டாந்த அண்ணனப் பாத்து இவன் உறுமிட்டான். அவரு சும்மா தட்டிக் குடுக்கத்தான் கையக் கொண்டாந்தாரு."

"கடிச்சிட்டானா?"

"கடிக்கல. ஆனா, ஒரு புள்ளைக்கு ஊசி போட்டது போதும்னுட்டாங்க அம்மா."

தோப்பு என்பது அண்ணாகிராமத்துப் பக்கம் மாமாவுக்கு இருக்கும் முந்திரித் தோப்பு. புயலில் முக்கால்வாசி மரம் சாய்ந்துவிட்டது. முன்பெல்லாம் மாமா தினமும் போவார். இப்போது வாரத்துக்கு இரண்டு நாள் எட்டிப் பார்க்கிறார். மற்ற ஐந்து நாளும் அங்கே நீயும் சங்கிலியும்தான் பேசிக்கொள்ள வேண்டும். ஆகவே இந்தக் கடிதம் ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து சேர்ந்தாக வேண்டும். போனிலேயே சொல்லியிருக்கலாம். மூன்று முறை அம்மாவுக்கு நம்பர் போட்டு, மூன்று முறையும் "சாப்டியாம்மா" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். மூன்றாவது முறை அம்மா, "காலைல பத்து மணிக்கு எத்தினி வாட்டிடா சாப்புடுவாங்க" என்று கேட்டாள். எழுதிவிடுவதுதான் எனக்கு லேசு.

முதலில் உன் தகப்பனின் அருமை பெருமைகளை நீ தெரிந்துகொள்ள வேண்டும். உன்னைத் தூக்கி வளர்த்தவன் நான். நாலு குட்டிகளில் நீதான் தைரியசாலி என்று பார்த்துப் பொறுக்கியவன் நான். நீ சாகக் கிடந்தபோது ஆஸ்பத்திரியில் உன் பக்கத்திலேயே படுத்துக் கிடந்தவன் நான். நான் சிதம்பரத்துக்குக் கிளம்பிய அன்றைக்கு நீ பிரிவு தாங்காமல் கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டு, கூப்பிடக் கூப்பிட வெளியே வராமல் கிடந்தாய். ஹாஸ்டலில் இதைச் சொல்லாத ஆள் இல்லை. மெஸ்ஸில் சாம்பார் ஊற்றுகிறவர்கூட என்னைப் பார்த்தால், "இன்னா தம்பி, நாயி சாப்புடுதா?" என்றுதான் கேட்கிறார்.

உன்னைப் பொறுக்கிய கதையிலிருந்து தொடங்குகிறேன். புயல் அடித்துப் பதினைந்து நாள் இருக்கும், பொங்கல் கழிந்திருந்தது. மாமாவுக்கு ஆறுதல் சொல்ல நானும் அம்மாவும் அண்ணாகிராமம் போனோம். தோப்பில் மரங்கள் எல்லாம் ஒரே பக்கமாக, யாரோ தலை வாரிவிட்ட மாதிரி படுத்திருந்தன. வேரோடு பெயர்ந்த ஒரு முந்திரியின் குழியில் உன் அம்மா உங்கள் நாலு பேரையும் வைத்திருந்தாள். மாமா அன்றைக்கு யாருடனும் சரியாகப் பேசவில்லை. உங்களைப் பார்த்ததும்தான் அவருக்குக் கொஞ்சம் முகம் தெளிந்தது. "வூட்டுக்கு ஒன்னு எடுத்துக்கினு போ மாப்ள. ஆனா பாத்து எடுக்கணும்" என்று சொல்லி, எப்படிப் பார்ப்பது என்றும் காட்டினார். குட்டியைப் பிடரித் தோலில் ஒரே கையால் பிடித்து அந்தரத்தில் தூக்க வேண்டும். கத்தினால் பயந்தாங்கொள்ளி. கத்தாமல் தொங்கினால் அதுதான் காவலுக்கு ஆகும். எங்கள் பக்கத்தில் நாய்க்குட்டிக்கு நுழைவுத் தேர்வு இதுதான், ஒரே கேள்வி, அதுவும் வாய்மொழித் தேர்வு. வாயைத் திறந்தால் பெயில். முதல் குட்டி வீலென்றது. இரண்டாவதும் வீலென்றது. மூன்றாவது வீலென்று கத்தியதோடு மாமாவின் சட்டையையும் நனைத்தது. நாலாவதாக உன்னைத் தூக்கினார். நீ தொங்கினாய். கண்ணை ஒருமுறை மூடித் திறந்தாய், அவ்வளவுதான். "இதாண்டா குட்டி. இத்தப் பாத்தியா, சத்தமே இல்ல" என்றார் மாமா. புயலுக்குப் பிறகு அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பண்ருட்டியிலிருந்து பஸ்ஸில் ஒயர் கூடைக்குள் உன்னை வைத்து, மேலே துண்டைப் போட்டுக் கொண்டுவந்தேன். அம்மா, தனக்கும் கூடைக்கும் சம்பந்தம் இல்லை என்பதுபோல் இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்திருந்தாள். கண்டக்டர், "கூடைல இன்னாடா?" என்றார். பலாப்பழம் என்றேன். "தை மாசத்துல ஏதுடா பலாப்பழம்?" புயலில் விழுந்த பிஞ்சு என்றேன். அவர் குனிந்து துண்டைப் பார்த்தார். "பிஞ்சு மூச்சு வுடுது, பாத்துக்க" என்று சொல்லிவிட்டு முன்பக்கம் போய்விட்டார். இத்தனைக்கும் நீ ஒரு முனகல்கூட முனகவில்லை. என்ன அறிவு, இடம் பொருள் தெரிந்து நடந்துகொள்கிறான் என்று பூரித்துப் போனேன்.

வீட்டில் அப்போது கரண்ட் இல்லை. ஊரெல்லாம் கம்பம் நட்டுக்கொண்டிருந்த அப்பா, நாலு நாளைக்கு ஒருமுறை குளிக்கத்தான் வீட்டுக்கு வந்தார். "லைன்மேன் வூட்டுலயே லைட்டு எரியல, நம்ம வூட்டுல எப்ப எரியப் போவுது" என்று தெருவே அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்த சமயம். நான் உனக்கு டைகர் என்று பேர் வைக்க இருந்தேன். அப்பா உன்னைக் கையில் வாங்கி, ஒல்லிக் கழுத்தையும் உருண்டை வயிற்றையும் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்பிடியே பல்பு மாதிரியே இருக்குடா. நம்ம வூட்டுக்கு வந்த மொத பல்பு" என்றார். பேர் ஒட்டிக்கொண்டது. ஏற்கெனவே என்னை ‘வாலு’ என்றுதான் தெருவில் கூப்பிடுவார்கள்; இப்போது வீட்டில் வால் இரண்டாகிவிட்டது என்று பக்கத்து வீட்டில் வருத்தப்பட்டார்கள்.

அடுத்த பத்து நாளும் வாசலில் டிக்கெட் இல்லாத சர்க்கஸ். யார் வந்தாலும் உன்னைப் பிடரியில் பிடித்துத் தூக்கிக் காட்டினேன். பால்காரர், கிரிக்கெட் கூட்டாளிகள், தேன்மொழியின் டியூஷன் டீச்சர். "பாருங்க, கத்தவே மாட்டான்." நீ கத்தவில்லை. எல்லாரும் வியந்தார்கள். பரிசாக உனக்குப் பசும்பாலும் கிரீம் பன்னும் கொடுத்தேன். உனக்கு வயிற்றால் போனது. வீரனுக்கு விருந்து ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, இன்னும் கொஞ்சம் பால் வைத்தேன்.

உன்னைச் சரியாகப் பார்த்தது அம்மாதான். அவள் அங்கன்வாடி டீச்சர். நாற்பது பிள்ளைகளை எடை போட்டு அட்டையில் குறிக்கிறவள். நாயென்றால் அவளுக்கு ஆகாது. ஒருநாள் முறத்தோடு வாசலைத் தாண்டிப் போனவள் நின்றாள். முறத்தைக் கீழே வைத்தாள். "வயிறு பானையாட்டம் இருக்கு, காலு குச்சியாட்டம் இருக்கு. இது பூச்சி வயிறுடா" என்றாள். பிறகு, பிள்ளைகளுக்குப் பார்க்கிற மாதிரியே உன் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தாள். உதட்டை மடக்கி ஈறைப் பார்த்தாள். வெளுத்த வேட்டி மாதிரி இருந்தது. "இத்த நீ தூக்கித் தூக்கிக் காமிக்கிறியே, இது பொழைக்குமான்னு பாத்தியா?" என்று கேட்டுவிட்டு, புடவையைக்கூட மாற்றாமல் ஆட்டோவைக் கூப்பிட்டாள்.

மாட்டாஸ்பத்திரி டாக்டர் அம்மா உன்னை மேஜைமேல் வைத்து அமுக்கிப் பார்த்தார்கள். காதுக்குள்ளிருந்து கொத்தாக உண்ணி எடுத்தார்கள். ஊசி போட்டார்கள். அதற்கும் நீ கத்தவில்லை. நான் பெருமையாக, "தைரியம் ஜாஸ்தி டாக்டர், மாமா டெஸ்ட் பண்ணித்தான் எடுத்தாரு" என்று சொல்லி, எப்படி டெஸ்ட் என்றும் கையால் காட்டினேன். டாக்டர் அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார்கள்.

"தம்பி, இது தைரியம் இல்ல. தெம்பு இல்ல. கத்துறதுக்கும் ஒடம்புல கொஞ்சம் ரத்தம் வேணும். கத்துன மூணும் நல்லா இருந்திருக்கும். நீ பாத்துப் பாத்து நோயாளிய எடுத்துட்டு வந்திருக்க."

பிறகு தோலுக்கடியில் குளுகோஸ் ஏற்றினார்கள். நான் உன் பக்கத்திலேயே படுத்திருந்தேன். இதை மேலேயே சொல்லிவிட்டேன், திரும்பவும் சொல்வதில் தப்பில்லை.

பூச்சி மருந்து, ரத்தத்துக்குச் சொட்டு மருந்து, பால் கூடாது, பன் கூடவே கூடாது. அம்மா கேழ்வரகுக் கூழில் முட்டையை அடித்துக் கலந்து ஸ்பூனால் ஊட்டினாள். ஊட்டும்போதெல்லாம், "எனக்கு இது புடிக்காது, சொல்லிட்டேன்" என்று உன்னிடமே சொல்லிக்கொண்டிருந்தாள். அங்கன்வாடி எடை அட்டை மாதிரியே ஒரு பழைய காலண்டர் தாளில் உன் எடையை வாரம்தோறும் எழுதினாள். தெருவில் கரண்ட் வந்த அன்றைக்கு, ஒரு மாதம் சும்மா கிடந்த மிக்ஸியை அம்மா போட்டதும், நீ நாலு காலும் தரையில் படாமல் எகிறி, முதன்முறையாகக் குரைத்தாய். அம்மா மிக்ஸியை நிறுத்திவிட்டு உன்னையே பார்த்தாள். பிறகு, வேண்டுமென்றே இன்னொரு முறை போட்டாள். நீ இன்னொரு முறை குரைத்தாய். சட்னி அன்றைக்குத் தண்ணியாகிவிட்டது.

இதற்கப்புறம் மே மாதத்துக்கு வருகிறேன். தேன்மொழி, இந்த இடம் உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் படி. தேன்மொழிக்குப் பிறந்தநாள். தன் தலையிலிருந்து சிவப்பு ரிப்பனை அவிழ்த்து, உன் கழுத்தில் பூப்போட்டுக் கட்டப் பின்னாலிருந்து கையைக் கொண்டுவந்தாள். கை பிடரியில் பட்டதுதான் தெரியும், நீ சுழன்று கடித்துவிட்டாய். கட்டைவிரலுக்குக் கீழே இரண்டு பல். அழுதபடியே அவள் முதலில் சொன்னது, "அவன அடிக்காதீங்க." பெரியாஸ்பத்திரியில் அவளுக்குத் தவணை முறையில் ஊசி போட்டார்கள். உன்னைப் பத்து நாள் கட்டிப்போட்டுக் கவனிக்கச் சொன்னார்கள். அதுவரைக்கும் வீட்டில் கடிப்பவன் நான் ஒருவன்தான். என் கடி ஜோக்குகளுக்கு ஊசி தேவைப்பட்டதில்லை. அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

மாமா வந்தார். கடியைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார். "கொணம் கெட்டுப் போச்சு. தோப்புல வுட்டா சரியாயிடும்" என்றார். அம்மா உடனே சரி என்று சொல்லவில்லை. இதை நான் மறக்கவில்லை பல்பு. அவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "டேய், நெஜத்தச் சொல்லு. நீ இத்த ஏதாச்சும் பண்ணியா?" என்று கேட்டாள்.

"நானா? பூ மாதிரி வெச்சிருந்தேன். அதுக்குப் பொறவிக் கொணம்மா."

 "சரி. நீ காலேஜ் போற வரைக்கும் பாக்குறேன். அதுக்கப்புறம் இன்னொரு தரம் யார்மேலயாச்சும் பாஞ்சுது, நான் வெச்சிக்க மாட்டேன்" என்றாள். அப்பா மட்டும் சாப்பிட்டுக்கொண்டே ஒரு வார்த்தை சொன்னார். "கம்பி ஷாக் அடிச்சா கம்பியத் திட்டக் கூடாது. எவன் சுச்சுப் போட்டான்னு பாக்கணும்." நான் அவசரமாக மோர் வேண்டுமா என்று கேட்டேன்.

சிதம்பரத்துக்கு வருகிறேன். கடலூரிலிருந்து ஒன்றேகால் மணி நேரப் பஸ் பயணம்தான் என்றாலும், வெளிநாடு போகிறவன் மாதிரி எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு வந்தேன். இங்கே வந்த மூன்றாம் நாள், மத்தியானம் மெஸ்ஸில் வரிசையில் நிற்கிறேன். பின்னாலிருந்து ஒரு கை என் சட்டைக் காலரைப் பிடித்து மேலே தூக்கியது. குதிகால் இரண்டும் தரையை விட்டுக் கிளம்பிவிட்டன. "பர்ஸ்ட் இயரா?" மூன்றாம் வருஷத்து அண்ணன் ஒருவர், ஆறடி. என்னைப் பற்றி உனக்குத் தெரியும். ஒரு வார்த்தை கேட்டால் ஒன்பது வார்த்தை திருப்பிக் கொடுப்பவன், கண்டக்டரிடமே பலாப்பழம் விற்றவன். அன்றைக்கு ஒரு வார்த்தை வரவில்லை.  அந்த அண்ணன் என்னை அப்படியே கூட்டாளிகள் பக்கம் திருப்பிக் காட்டினார். "பாருடா, சத்தமே இல்ல. பையன் தைரியசாலி மச்சான்." பிறகு இறக்கிவிட்டு, தன் தட்டிலிருந்து ஒரு அப்பளத்தை எடுத்து என் தட்டில் வைத்தார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. அவரைப் பொறுத்தவரை அது ஒரு விளையாட்டு. அந்த அப்பளத்தை நான் சாப்பிட்டேன். எச்சில் ஊறாத வாயில் அப்பளம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டேன்.

மறுநாள் ரூமில் துணியை மடித்துக்கொண்டிருந்தபோது ரியாஸ் பின்னாலிருந்து வந்து என் தோளில் கை வைத்து, "மச்சான், சோப்பு இருக்கா?" என்றான். நான் திரும்பிய வேகத்தில் என் முழங்கை அவன் மூக்கில் இடித்தது. அவன் மூக்கைப் பொத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். திட்டுவான் என்று நினைத்தேன்.

"எவன்டா ஒன்ன என்ன பண்ணான்?" என்றான்.

"யாரும் ஒன்னும் பண்ணலியே."

"ஒன்னும் பண்ணாதவன் ஒரு சோப்புக்கு இந்தத் துள்ளு துள்ளுவானா?"

சோப்பை எடுத்துக் கொடுத்தேன். அவன் குளிக்கப் போய்விட்டான். நான் மடித்த துணியையே திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தேன். உனக்கு என்ன குணம் என்று எல்லாரும் கேட்டோம். உன்னை யார் என்ன செய்தார்கள் என்று ஒரே ஒரு ஆள்தான் கேட்டாள். அவளிடம் நான் பொய் சொல்லிவிட்டேன்.

தேன்மொழி, இனிமேல் கொஞ்சம் உரக்கப் படி.

பல்பு, உனக்கு உடம்பு தேறிய பிறகு, கிரிக்கெட் கூட்டாளிகள் எதிரில் உன்னை ஒருநாள் தூக்கினேன். நீ வீலென்று கத்தினாய். எல்லாரும் சிரித்தார்கள். "இன்னாடா, ஒன் டைகரு பூனையாட்டம் கத்துது" என்றான் ஒருவன். ரத்தம் ஊறியதால்தான் கத்தினாய், டாக்டர் அம்மா சொன்னபடி அது நல்ல செய்தி. எனக்கு அது அவமானமாக இருந்தது. பப்ளிக் எக்ஸாமுக்குப் படிக்க லீவு விட்டிருந்தார்கள். புத்தகத்தோடு மொட்டை மாடிக்குப் போகும்போதெல்லாம் உன்னையும் கொண்டுபோனேன். படிக்கிறான், துணைக்கு நாயை வைத்துக்கொண்டிருக்கிறான் என்று அம்மா நினைத்தாள். அங்கே உன்னைத் தினமும் பிடரியில் பிடித்துத் தூக்கிப் பழக்கினேன். நீ கத்துவதை நிறுத்துகிறவரை இறக்க மாட்டேன். நிறுத்தியதும் ஒரு பிஸ்கட். ஒருநாள் தொங்கிக்கொண்டே ஒன்றுக்குப் போய்விட்டாய். அதை நான் கூட்டாளிகளிடம் ஜோக்காகச் சொன்னேன். பங்குனி முடிவதற்குள் நீ கத்துவதை நிறுத்திவிட்டாய். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். நீ கத்துவதைத்தான் நிறுத்தியிருக்கிறாய், பயப்படுவதை இல்லை. தேன்மொழி கையைப் பின்னால் கொண்டுவந்தபோது, உன்னிடம் மிச்சமிருந்தது பல் மட்டும்தான். சுவிட்சைப் போட்டவன் நான். ஷாக் அடித்தது தேன்மொழிக்கு.

அம்மா, அடுப்பைத் தணித்துவிட்டுக் கேள். இவனுக்குப் பிறவிக் குணம் என்று நான் சொன்னது பொய். கேஸ் அண்ணன் மேலேயிருந்து கையைக் கொண்டுவந்திருப்பார், அதனால்தான் உறுமியிருப்பான். தேன்மொழி இந்த இரண்டு மாதமாக என்ன செய்கிறாள் என்று நீ கவனித்தாயா? கீழே உட்கார்ந்து உள்ளங்கையைத் தரையோடு நீட்டுகிறாள். அவனே வந்து தாடையை அதில் வைத்துக்கொள்கிறான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, கடிபட்டவளே கண்டுபிடித்திருக்கிறாள். கேட்டைத் தாண்டி வருகிறவர்களிடம் "தலையத் தொடாதீங்க, கையக் கீழ காட்டுங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவனைத் தோப்புக்கு அனுப்ப வேண்டாம். அனுப்பினால் அங்கே மாமாவின் கையும் மேலேயிருந்துதான் வரும்.

மகனே, தகப்பன் புத்திமதி சொல்லிக் கடிதத்தை முடிக்க வேண்டும். சொல்ல ஒன்றுதான் இருக்கிறது: வலித்தால் கத்து. யார் சிரித்தாலும் கத்து. மேலே நான் எழுதிய பெருமைகளை இப்போது திரும்பப் படித்துப் பார்த்தேன். அடித்துவிடலாம் என்றால் நாலு வரியும் போகும், தாள் பார்க்க அசிங்கமாகிவிடும். அதனால் இங்கேயே திருத்திவிடுகிறேன். உன்னைத் தூக்கியது உண்மை. வளர்த்தது அம்மா. தைரியசாலி என்று பொறுக்கியது மாமா, நான் கைதட்டினேன். ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில் படுத்திருந்தது பாசத்தால் இல்லை, ஊசியைப் பார்த்ததும் எனக்கு மயக்கம் வந்துவிட்டது. டாக்டர் அம்மா உனக்கு ஏற்றியது போக, எனக்கும் ஒரு டம்ளர் குளுகோஸ் தண்ணீர் கரைத்துக் கொடுத்தார்கள். அம்மா இன்றுவரை அதை யாரிடமும் சொல்லவில்லை. நான் ஊருக்குக் கிளம்பிய அன்றைக்கு நீ கட்டிலுக்கடியில் போனதும் பிரிவுத் துயரத்தால் இல்லை. போய்வருகிறேன் என்று சொல்ல உன் பிடரியைத் தடவப் பார்த்தேன். கையைப் பார்த்ததும் நீ உள்ளே போய்விட்டாய். நான் பஸ் ஏறிய பிறகுதான் வெளியே வந்தாய் என்று தேன்மொழி சொன்னாள். நீ வீட்டுக்கு வந்த இத்தனை மாதத்தில் உன் கழுத்தில் பெல்ட் போட என்னால் ஒருமுறைகூட முடிந்ததில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் வருகிறேன். கேட்டுக்கு உள்ளே தரையில் உட்கார்ந்து கையைக் கீழே வைத்துக்கொண்டிருப்பேன். நீ வரவேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாமா வண்டியோடு வருவார். இவ்வளவு தூரம் வந்தவரைச் சும்மா அனுப்பக் கூடாது. வேண்டுமானால் என் காதைப் பிடித்துத் தூக்கிப் பார்க்கட்டும். நான் கத்துவேன். தேன்மொழி, தெருவே வந்து பார்க்கிற மாதிரி கத்துவேன் என்று மாமாவிடம் இப்போதே சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் அப்பன் என்று சொல்லிக்கொள்கிறவன்